டிரம்மில் ஏறிய காப்பு

எம். புதுப்பட்டி கோட்டைச்சாமி பட்டாளத்தில் பைப் ஊதியவர். தோல்பையைக் கக்கத்தில் இடுக்கி ஊதும் அந்தக் குழலை அவருக்குப் பழக்கிவிட்டது ஓர் அயர்லாந்துக்காரர். அந்த அயர்லாந்துக்காரர்கள் பேண்டின் சின்னம் யாழ். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னாராம்: "எங்களை அடக்குனவங்க எங்க யாழையெல்லாம் எரிச்சாங்க. எரிச்சவன் கண்ணுல தெனமும் படணும்னுதான் அதையே வச்சிருக்கோம்."

ஊர் திரும்பிய கோட்டைச்சாமி, விருதுநகரில் கல்யாணங்களுக்கு வாசிக்க ஒரு பைப் பேண்டு சேர்த்தார். அப்போது அதற்குச் சின்னம் எதுவும் கிடையாது.

1958. தீபாவளி சீசன். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து அறை வெடித்து அவருடைய தங்கை இருளம்மாள் கருகிப் போனாள். கையில் கிடந்த பித்தளைக் காப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். விசாரிக்க வந்த அதிகாரிகளிடம் ஆலை முதலாளி ஜெயச்சந்திரன், "இந்தப் பொண்ணு எங்கிட்ட வேலையே பாக்கலையே. சுள்ளி பொறுக்க வந்திருப்பா" என்று சொல்லிவிட்டார்.

கோட்டைச்சாமி அரிவாளைத் தூக்கவில்லை. பெரிய டிரம்மின் தோலில் ஒரு யாழும், அதைச் சுற்றி ஒரு காப்பும் வரையச் சொன்னார். போகிற கல்யாணத்தில் எல்லாம், இது என்ன படம் என்று யாராவது கேட்பார்கள். முதலாளி பேரோடு சேர்த்துப் பதில் சொல்வார்.

சில வருசம் கழித்து ஜெயச்சந்திரன் மகளுக்கு விருதுநகரில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் விவரம் தெரியாமல் இந்த பேண்டையே பேசிவிட்டார்கள். மாப்பிள்ளை அழைப்பு கிளம்பும் நேரம், டிரம்மைப் பார்த்த ஜெயச்சந்திரன் ஓடி வந்தார்.

"கோட்டைச்சாமி, ஒரு துணியப் போட்டு மூடுப்பா. சம்பந்தி வீட்ல பாக்காக."

"அவ யாருன்னு சொல்லுங்க."

"நல்ல நாளும் அதுவுமா என்னய்யா இது?"

"எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க. சொன்னாத்தான் ஊதுவேன்."

சம்பந்தி நெருங்கி வந்து, "என்ன விசயம்?" என்றார். ஜெயச்சந்திரன் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"இருளம்மாள்னு ஒரு பொண்ணு. நம்ம ஆலையில வேலை பாத்தவ. வெடியில போயிட்டா."

"அன்னைக்கு என்ன சொன்னீக?" என்றார் கோட்டைச்சாமி.

"வேலை பாக்கலைன்னு... சொல்லிட்டேன்." குரல் இறங்கியது. "இப்ப மூடலாம்ல?"

"மூடுறேன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்ற கோட்டைச்சாமி பையில் காற்றை நிரப்பினார். மண்டபம் வரைக்கும் அந்த டிரம் முதலாளியின் பக்கத்திலேயே நடந்தது.

அதன் பிறகு சிவகாசி முதலாளிமார் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. "இப்பவாச்சும் மனசு ஆறுச்சாண்ணே?" என்று டிரம் அடிக்கும் சங்கிலிமுத்து ஒருநாள் கேட்டான்.

"ஆறலைலே. நாம வாசிக்கப் போற அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அந்தாளு குடும்பத்தோட சாமி கும்பிட வருவாரு. தோலை மாத்தி, படத்தை இன்னும் பெருசா வரையச் சொல்லு."