கூழில் கரைத்த மருந்து

சென்ற வாரம் மெடிக்கல் ஷாப்பில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஓர் இளம்பெண். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, விரலில் ஸ்கூட்டர் சாவி. கடைக்காரர் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அண்ணா, இந்த மாத்திரையப் பொடி பண்ணி காபியில கலந்துடலாமா? அப்பா சாப்பிட மாட்டேங்கிறார். அவருக்குத் தெரியக் கூடாது."

"தாராளமா கலந்துடுங்க மேடம்" என்றார் அவர், அடுத்தவரின் சீட்டுக்குக் கையை நீட்டியபடியே.

மாத்திரை அட்டை என் கண்ணில் பட்டது. மனநோய்க்கானது. ஆயுளில் பெரும்பகுதியை மாத்திரைகளோடு கழித்தவள் நான். பெயரைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்... மூடிக்கொண்டேன். கடைக்காரரைக் கண்டிக்க எனக்கு என்ன யோக்கியதை? அதே பதிலை நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேனே!

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஊர், செஞ்சி. அறுபதுகளின் நடுப்பகுதி.

நான் வேலை பார்த்த சிறிய ஆஸ்பத்திரியின் கட்டிடம் இன்று இல்லை. மருந்தாளுநர் என்ற மரியாதையான சொல்லெல்லாம் பிறகு வந்தது. அன்று நான் வெறும் 'கம்பவுண்டரம்மா'. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வெளியூரிலிருந்து மனநோய் டாக்டர் ஒருவர் பஸ்ஸில் வந்து இறங்குவார். அவர் எழுதிக் கொடுப்பதை வாரந்தோறும் வெள்ளிக்கிழமைகளில் நான் வழங்க வேண்டும்.

ஏன் வெள்ளிக்கிழமை? அன்றுதான் சந்தை. சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் ஊரில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆகவே எங்கள் மனநோய்ப் பிரிவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கூடையும் பையுமாகத்தான் வருவார்கள். ஒருவர், சந்தேகம் வராதிருக்க ஓர் ஆட்டுக்குட்டியையும் இழுத்துக்கொண்டு வருவார். மாதக்கணக்கில் அதே குட்டி. கடைசியில் அது பெரிய ஆடாகி, டாக்டரின் மேஜைத் துணியைத் தின்றது!

மருந்து கொடுக்கும் அறைக்கு மரத்தாலான ஒரு தடுப்பு. அதில் அரைவட்டமாக ஒரு துளை. துளை வழியே எனக்குக் கைகள் மட்டுமே தெரியும். டாக்டர் முகங்களைப் பார்த்தார். நான் கைகளைப் பார்த்தேன். வளையல், மருதாணி, மண், தழும்பு... யாரென்று கையைக் கண்டே சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக மருந்துப் பொட்டலத்தின் மேல் பென்சிலால் படம் போடுவேன். காலை மருந்துக்குச் சூரியன். இரவு மருந்துக்குப் பிறை. கூட்டம் அதிகம் என்பதால் சூரியனுக்குக் கதிர்கள் ஐந்தோடு நிறுத்திவிடுவேன்.

அந்த ஐந்து கதிர்களைத்தான் பிறகு ஒருவர் எண்ணிப் பார்த்தார்.

அஞ்சலை தொண்டூரிலிருந்து வருவாள். அவள் கணவர் ஏழுமலையை உறவினர்கள் முதல் தடவை கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். பங்காளிகள் கிணற்றுக்குள்ளிருந்து தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், வரப்பை இரவோடு இரவாக நகர்த்துகிறார்கள் என்பது அவர் புகார். உறங்குவதில்லை. வெளியில் எங்கும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. உலகத்தில் ஒரே ஒருத்தி கையால்தான் உணவு – அது அஞ்சலையின் கை. டாக்டர் மாத்திரை எழுதினார். நான் கொடுத்த பொட்டலத்தை ஏழுமலை ஆஸ்பத்திரி வாசலிலேயே வீசிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை துளையில் அஞ்சலையின் கை மட்டும் நீண்டது.

"மாத்திரையக் கண்டாலே வெட்ட வர்றாரும்மா. நீயே இடிச்சிக் குட்த்துடு. கூழுல கரைச்சிடறேன். என் கையால குட்த்தா குடிப்பாரு."

எனக்கு இரக்கம் பொங்கியது. டாக்டர் எழுதியது மாத்திரை, பொடி அல்ல. ஆனால் அவர் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. மருந்து இடிக்கும் கல்வத்தை எடுத்தேன். இடித்தேன். காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை.

"தாராளமா கரைச்சுக் குடு" என்றேன்.

மருந்து வேலை செய்தது. மூன்றாம் வாரம் அஞ்சலையின் குரலில் ஒரு துள்ளல். "தூங்கறாரும்மா! மல்லாட்டைக் களையெடுக்கப் போறாரு!" எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பெயர். டாக்டர் வந்தபோது, "எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். "நல்லா இருக்காருங்க" என்றாள். சீட்டு மறுபடி எழுதப்பட்டது. பொடி சங்கதியை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் சென்றது. அஞ்சலையின் விரல் நுனிகளில் சிவப்பாகத் தடிப்புகள். மிளகாய் அரைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். என் விரல்களிலும் அதே இடத்தில் அதே தடிப்பு. அது அந்தப் பொடியின் வேலை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. அதைவிடப் பெரிய ஒன்றும் தோன்றவில்லை... மருந்தை உட்கொள்கிற மனிதரின் கையை நான் இரண்டு மாதமாகப் பார்க்கவே இல்லை என்பது.

ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகல். கூட்டம் இல்லை. துளையில் ஒரு கை வந்து நின்றது. மணிக்கட்டு வரை, அதற்கு மேலும், சட்டைக்கை தொடங்கும் இடம்வரை தீய்ந்தாற்போல் கறுத்திருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன. எங்கள் பாடப் புத்தகத்தில் அந்த நடுக்கத்துக்கு 'மாத்திரை உருட்டுதல்' என்றே பெயர். வெயில் தாங்காத தோல், நடுங்கும் விரல் – இரண்டும் அந்த மருந்தின் அடையாளங்கள்.

உள்ளங்கையில் கசங்கிய காகிதம் ஒன்று.

"இந்தச் சூரியன் உன்னுதுதானே?"

குனிந்து பார்த்தேன். என் பென்சில் கோடுகள்தான்.

"அஞ்சு கால். வேற எவன் போட்டாலும் நெறையப் போடுவான். அன்னிக்கு எனக்குக் குட்த்த பொட்டலத்திலயும் அஞ்சுதான்."

"நீங்க..."

"தொண்டூர் ஏழுமலை. அஞ்சலை ஊட்டுக்காரன்."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். பெஞ்சில் உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொண்டுவந்தேன். தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதியை நான் குடித்துவிட்டு நீட்டினேன். பிறகுதான் வாங்கினார். தம்ளர் பல்லில் தட்டித் தட்டித் தண்ணீர் உள்ளே போயிற்று.

"கூழு கசக்குதும்மா. குடிச்சா நாக்கு மரத்துப்போவுது. மொதல்ல, கேவுரு மாவு பழசுன்னு நெனச்சேன். அப்பறம், பங்காளிங்க எவனோ எனக்கு மருந்து வச்சிட்டான்னு நெனச்சேன். வயித்துலேந்து வச்ச மருந்த எடுக்கறவரு ஒர்த்தரு இருக்காரு. அவராண்ட போனேன்."

"எடுத்தாரா?"

"எடுத்தாரே! கரித்துண்டு, மயிரு எல்லாம் எடுத்துக் காட்னாரு. மறுநாள் குடிச்சிப் பாத்தா அதே கசப்பு. எடுத்தப்பறம் எப்பிடிக் கசக்கும்? அப்போ தெனமும் போட்றாங்கன்னுதானே அர்த்தம்?"

அந்தத் தர்க்கத்தில் நான் எங்கே பிழை காண்பேன்? சொல்லப்போனால், அஞ்சலையையும் சேர்த்து எங்கள் மூவரில் அன்று மிகத் தெளிவாக யோசித்தவர் அவர்தான்.

"கேவுருப் பானையில கைய உட்டேன். அடியில இந்தக் காய்தம். கட்டு கட்டா..." காகிதத்தை மறுபடி கசக்கினார். "அவ கையால மட்டுந்தாம்மா துன்றேன். முந்தாநாள்லேந்து அதுவும் துன்னல."

"அஞ்சலையக் கேட்டீங்களா?"

"கேக்கல."

"ஏன்?"

"கேட்டா ஒரு பதில் சொல்லுவா. அத நான் நம்பணும். நம்ப முடியலன்னா அப்பறம் எங்க போயி துன்றது?"

அந்தக் கேள்வி இத்தனை ஆண்டுகள் கழிந்தும் என் காதில் இருக்கிறது. கிணற்றுக் குரல், வரப்பு, பங்காளி எல்லாவற்றையும் தாங்கிக்கொண்ட மனிதர், மனைவியின் ஒரே ஒரு பதிலுக்கு அஞ்சி தொலைவு பாராமல் வெயிலில் நடந்து, முன்பின் பழகாத என்னிடம் வந்திருக்கிறார்.

பொய் சொல்வது மிக எளிது. 'இது வேறு யாருடைய பொட்டலமோ' என்று சொல்லியிருக்கலாம். நோயாளிதானே, இவர் பேச்சை யார் நம்பப் போகிறார்கள்? ஆனால் அப்படிச் சொன்னால், இந்த மனிதர் தம் கண்ணையும் நாக்கையும் இனி எதற்காக நம்ப வேண்டும்?

"நான்தான் இடிச்சேன்" என்றேன். "டாக்டர் எழுதின மாத்திரை. நீங்க வீசிட்டுப் போனீங்களே, அதே. அஞ்சலை கேட்டா; நான் பொடி பண்ணிக் குடுத்தேன். உங்க கை நடுங்கறதும் தோல் கறுத்ததும் அந்த மருந்தாலதான். உங்களைக் கேக்காமப் பண்ணது எங்க தப்பு."

எதிரே மலைப்பாறைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. எழுந்து என்னை அறைவாரோ என்றுகூட நினைத்தேன்.

"அப்போ... கூழு கசந்துது நெசம்?"

"நெசம்."

"என் நாக்குல கோளாறு இல்ல?"

"இல்ல."

பெருமூச்சு விட்டார். சுமையை இறக்கி வைத்தவரின் மூச்சு அது. எனக்குப் பிறகுதான் விளங்கியது. மாதக்கணக்காக ஊரே அவரிடம் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தது: நீ கேட்பது பொய், நீ காண்பது பொய், நீ நினைப்பது பொய். முதன்முறையாக ஒருத்தி, 'நீங்கள் சொல்வது உண்மை' என்றாள். கால் ஊன்ற ஒரு சாண் தரை கிடைத்தால்தானே மனிதர் அடுத்த அடி எடுத்து வைக்க முடியும்?

"அவ கோவத்துல போட்டாளா, பயத்துல போட்டாளா?"

"பயத்துலதான். உங்களைப் பாத்து இல்ல. நீங்க இல்லாமப் போயிடுவீங்களோன்னு."

"பைத்தியக்காரி" என்றார் ஏழுமலை.

சொல்லிவிட்டுச் சிரித்தார். விறைத்துப்போன அந்த முகத்தில் சிரிப்பு மெல்ல, சிரமப்பட்டு வந்து சேர்ந்தது.

"வீட்டுக்குப் போய் அஞ்சலையக் கேளுங்க" என்றேன்.

"இப்பக் கேக்கலாம்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இன்னா சொல்லுவான்னு இப்பத்தான் எனக்குத் தெரியுமே!"

அடுத்த முறை டாக்டர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். "பொடின்னு நான் எங்கேம்மா எழுதினேன்?" என்றார். பிறகு அவரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "நானும்தான் ஆளைப் பார்க்காமலே இரண்டு மாதம் சீட்டு எழுதியிருக்கிறேன்."

அன்று ஏழுமலையும் வந்திருந்தார், அஞ்சலையோடு. மருந்தின் அளவு குறைக்கப்பட்டது. நடுக்கத்துக்கு இன்னொரு சிறிய மாத்திரை சேர்ந்தது. வெயிலில் இறங்கும்போது தலைக்குத் துண்டும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். துளையில் கை நீண்டது – அஞ்சலையின் கை அல்ல.

"பொடி வாணாம்மா. முழுசாக் குடு. கூழு பாழாப்போவுது."

பின்னாலிருந்து அஞ்சலையின் குரல். "இன்னும் மோந்து பாத்துட்டுதாம்மா குடிக்கிறாரு! நானே பாதி குடிச்சிக் காட்டணும். எனக்கு ஒடம்பு பெருத்துப்போச்சு!"

"சந்தேகம் இல்லடி" என்றார் அவர். "பழக்கம்."

ஓர் ஆண்டு வரை அவர் கூழை முகர்ந்துதான் குடித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நம்பிக்கை, மருந்தைப் போல் மூன்று வாரத்தில் வேலை செய்வதில்லை. அதுவரை அஞ்சலை சலிக்காமல் பாதிக் கூழ் குடித்தாள். நானும் ஒரு வேலை செய்தேன். ஒரு தச்சரை அழைத்து, மரத்தடுப்பில் இருந்த துளையை முகம் தெரியும் அளவுக்குப் பெரிதாக அறுக்கச் சொன்னேன்.

இத்தனையும் நினைத்து முடிப்பதற்குள் அந்த ஆபீஸ் பெண் கடையைவிட்டு வெளியேறிவிட்டாள். என் மாத்திரைகளை வாங்காமலே பின்னால் ஓடினேன். ஓடினேன் என்றால்... என் வயதுக்கு அது ஓட்டம். ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம். காபி ஏன் கசக்குதுன்னு அப்பா கேட்டா என்ன சொல்லுவே?"

திடுக்கிட்டுப் பார்த்தாள். கோபிப்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"ஏற்கெனவே நாலு நாளாக் கலந்துட்டுத்தான் இருக்கேன், பாட்டி" என்றாள் மெதுவாக. "அப்பா ஒண்ணும் கேக்கல. சர்க்கரைதான் ஒரு ஸ்பூன் கூடப் போடச் சொல்றார்."

நாக்குக்கு எப்படியும் தெரிந்துவிடுகிறது. மனிதருக்குத்தான் நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.