பனிச்சரிவும் என் வயிற்றெரிச்சலும்

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஃபிரிட்ஜைச் சுத்தம் பண்ண உட்கார்ந்தேன். ஒற்றைக் கதவு வைத்த பழைய மாடல். ஃபிரீசரில் நாலு விரற்கடைக்குப் பனி கட்டி, ஒரு பால் பாக்கெட் அதற்குள் புதைந்தே போயிருந்தது. தோசைக்கரண்டியால் சுரண்டிப் பார்த்தேன், அசையவில்லை. ஸ்விட்சை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மொத்தப் பாளமும் அடியில் ஈரம் கண்டு, சத்தமே இல்லாமல் வழுக்கி என் மடியில் விழுந்தது. கருவாடும் வாடின மல்லிகையும் கலந்த ஒரு வாசனை. நைட்டி நனைந்ததைக்கூடக் கவனிக்காமல், "சரிவு முப்பத்தெட்டு டிகிரி இருக்கும்" என்று நினைத்துக்கொண்டேன்.

ஆரணியில் பிறந்து, பனிமலையைப் போட்டோவில் மட்டுமே பார்த்த ஒருத்திக்கு ஏன் இப்படியெல்லாம் தோன்ற வேண்டும்? எல்லாம் கோமதியால்தான்.

கோமதி சேவூர்க்காரி. கல்லூரியில் தேசிய மாணவர் படையில் நானும் அவளும் ஒரே வரிசை. எங்கள் கல்லூரியிலிருந்து ஒரே ஒரு பெண்ணை இமயமலைக்கு மலையேற்றப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று கடிதம் வந்தபோது, எங்கள் இருவருக்குமே பைத்தியம் பிடித்தது. சனிக்கிழமைதோறும் எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருமலைக்குப் போவோம். முதுகுப் பையில் மணலை நிரப்பிக்கொண்டு படியில் ஏறி இறங்குவோம். சமண முனிவர்கள் ஆசையைத் துறக்க வந்த மலை அது. நான் அங்கே போனது அவளை முந்துவதற்கு. முந்தவும் செய்தேன். தேர்வு ஓட்டத்திலும் நான்தான் முதல். அப்புறம் ரத்தம் எடுத்தார்கள்.

"ஒடம்புல ரத்தமே இல்லியேம்மா. வூட்ல இன்னாதான் சாப்பிடற?" என்றார் நர்ஸம்மா.

கோமதி போனாள். எனக்கு அம்மா மூன்று மாதம் முருங்கைக்கீரையாகப் போட்டுத் தள்ளினாள். இன்றைக்கும் எந்த வீட்டிலாவது அது வதங்கும் வாசனை வந்தால், நான் தோற்றது ஞாபகம் வந்துவிடும்.

போனவள் திரும்பி வந்து ஏதாவது வேலைக்குப் போயிருந்தால் எனக்கும் ஆறியிருக்கும். அவள் அங்கேயே தங்கிவிட்டாள். அடுத்தடுத்த பயிற்சிகள், பிறகு மலையேற வருகிறவர்களை அழைத்துப்போகும் வழிகாட்டி வேலை. நான் பட்டுக்கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பில் போட்டேன். அவள் போட்டோ அனுப்புவாள். கன்னம் கறுத்து, உதடு வெடித்து, பின்னால் வெள்ளை வெளேரென்று மலை. "சூப்பர்டி" என்று பதில் போட்டுவிட்டு அன்றைக்கெல்லாம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். என் அம்மாவே அந்தப் போட்டோவைத் தன் வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டாள். பெற்ற பெண் நான் ஒருத்தி எதிரே நிற்கிறேன்!

பொறாமை மனிதரைச் சும்மா இருக்க விடாது. பனிமலையில் ஏறுகிறவர்கள் எப்படியெல்லாம் சாகிறார்கள் என்று நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, அதைத்தான் தேடினேன். கடையில் கூட்டம் இல்லாத மத்தியானங்களில், தெருவில் தார் இளகிக்கொண்டிருக்கும்போது, பனிச்சரிவைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பேன். செங்குத்தான இடத்தைவிட, முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி வரை சாய்ந்த நடுத்தரச் சரிவுதான் ஆபத்து. காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் குவிக்கும். அடியில் பழைய பனி சர்க்கரை மாதிரி உதிரியாக இருந்தால், மேலே புதிதாக விழுந்தது ஒட்டாமல் பாளமாக நழுவும். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஒரு ஜனவரி மாதம், சிக்னல் கிடைக்கிற கடைசிக் கிராமத்திலிருந்து கோமதி கூப்பிட்டாள்.

"நாலு நாளா கொட்டிச்சிடி. நேத்து பேய்க் காத்து. இன்னிக்கு பாரு, மானம் பளிச்சுனு கீது. நாளைக்கு மேல போறோம். குளிர்காலத்துல இந்த உச்சிக்கு நம்ம பக்கத்துப் பொண்ணு ஒருத்தியும் போனதில்லியாம்."

அந்தக் கடைசி வரிதான் என்னைச் சுட்டது.

"காத்து எந்தப் பக்கம் அடிச்சிது?"

"மேக்கால இருந்து."

"நீ அனுப்பின போட்டோவுல பாத்தேன், நீங்க ஏறப்போறது கெழக்குச் சரிவு. அடிச்சிகினு வந்த பனி மொத்தமும் அங்கதான் குவிஞ்சிருக்கும். அடியில இன்னா கீதுன்னு பாத்தீங்களா?"

"உனக்கு எப்படிடி இதெல்லாம் தெரியும்?"

"படிச்சேன். போவாத கோமதி. திரும்பிடு."

சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் சொன்ன மனசு நல்ல மனசில்லை. அவள் செத்துப்போவாளே என்று நான் பதறவில்லை. அந்த உச்சியில் அவள் நிற்கக்கூடாது, அவ்வளவுதான். "சரி, வெக்கிறேன்" என்று வெடுக்கென்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் போன் இல்லை. அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. பில்லில் ஒரே புடவையை இரண்டு முறை ஏற்றித் திட்டு வாங்கினேன். மூன்றாம் நாள் கூப்பிட்டாள்.

பாதி தூரம் ஏறியதும் பனியில் குழி தோண்டியிருக்கிறாள். பக்கவாட்டில் ஒரு தூண்போல வெட்டி, அந்தத் தூணின் தலையில் மண்வெட்டியை வைத்துக் கையால் தட்டிப் பார்க்க, மூன்றாவது தட்டிலேயே மேல்பாளம் கழன்று வழுக்கியது. தன்னோடு வந்த மூவரையும் கீழே கூடாரத்துக்குத் திருப்பிவிட்டாள். வேறொரு குழுவினர் நாலு பேர் சிரித்துவிட்டு ஏறிப்போனார்கள். உச்சியையும் தொட்டார்கள். இறங்கும்போது மத்தியான வெயிலில் சரிவு உடைந்தது. கீழே இருந்த கோமதியும் மூவரும்தான் ஓடிப்போய்த் தோண்டியிருக்கிறார்கள். மூன்று பேர் பிழைத்தார்கள். நாலாவது ஆள் கிடைத்தபோது மூச்சு இல்லை.

"மூஞ்சத் தொடச்சி உட்டேன்டி. தூங்கறாப்பல இருந்தாரு," என்றாள். அழுதது நான்.

சித்திரையில் ஊருக்கு வந்தவள் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, "ஒங்க பொண்ணுதாங்க என்னைக் காப்பாத்துனா" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்குக் காபி இறங்கவில்லை. அவளை ஸ்கூட்டியில் சேவூருக்குக் கொண்டுபோய் விடும்போது, வழியில் வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டேன்.

"நான் நல்ல மனசோட சொல்லலடி. நீ உச்சிக்குப் போயிடக்கூடாதுன்னு சொன்னேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"உன் கொரல் எனக்குத் தெரியாதா? செம கோவம் எனக்கு. நீ சொன்னது பொய்யின்னு காட்டத்தான்டி அந்தக் குழியவே தோண்டினேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் வயலைப் பார்த்துக்கொண்டு, "தூங்கறாப்பல இருந்தாரே, அவருக்கு நாலு வயசுல ஒரு பொண்ணு கீதாம்" என்றாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.

அதற்குப் பிறகு பல குளிர்காலங்கள், மேலே போவதற்கு முந்தின நாள் தவறாமல் கூப்பிடுவாள். "சொல்லுடி, இன்னா தப்பு கீது இதுல?" என்பாள். காற்று, வெயில், சரிவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறை கண்டுபிடிப்பேன். பொறாமை போகவில்லை. அதற்கு ஒரு வேலை கிடைத்தது, அவ்வளவுதான்.

இப்போது அந்தப் போன் வருவதில்லை. அவள் வேலை செய்யும் இடத்தில் பனியை அளந்து சொல்லவே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். எல்லார் கையிலும் அதற்கென்று ஒரு ஆப் இருக்கிறது. மேலே மலைக் கணவாய் வரைக்கும் போன் டவர் வந்துவிட்டதால், உச்சியிலிருந்தே ஸ்டேட்டஸ் போடுகிறாள். போன வாரப் போட்டோவில் அவளோடு ஒரே கயிற்றில் இருபது வயதில் ஒரு பெண் நின்றாள். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கயிற்றிலும் சரிவிலும் தேடினேன், ஒரு தப்பும் இல்லை. இப்போதெல்லாம் நான் ஒன்றும் சொல்லாமலே கோமதி பத்திரமாகத் திரும்பி வந்துவிடுகிறாள்.