லோ வோல்டேஜும் இருநூற்று நாற்பது ஹெர்ட்ஸும்

எங்கள் ஜவ்வாது மலையில் எது சரியில்லை என்றாலும் லோ வோல்டேஜ்தான் காரணம். மிக்ஸி அரைக்காவிட்டால் லோ வோல்டேஜ், மோட்டார் தண்ணீர் இழுக்காவிட்டால் லோ வோல்டேஜ். கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை ஆடித் தோற்பதற்கும் அதுதான் காரணம் என்று என் கணவர் கண்டுபிடிக்கும்வரை எனக்கும் இதில் ஆட்சேபணை இருந்ததில்லை.

அதற்கு முன்பு பழி முழுவதும் பழைய மானிட்டர் தலையில் விழுந்தது. "நொடிக்கு அறுபது வாட்டிதான் படம் மாத்துது. இத வெச்சிக்கினு எவன் ஆடுவான்?" என்பார். ஆலங்காயத்தில் ஐந்து பேர் ஆடும் குழு ஒன்றில் ஓர் இடம் காலி. கேப்டன், ஆட்டத்தில் இவர் பெயரில் இருக்கும் ஐடியைக் கவனித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த இடத்தைப் பிடிப்பதற்காக நொடிக்கு இருநூற்று நாற்பது முறை படம் மாற்றும் இருநூற்று நாற்பது ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றை வாங்கி, காவலூர் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பெற்ற பிள்ளையைக்கூட அந்த மனிதர் அவ்வளவு பத்திரமாகப் பிடித்ததில்லை.

குழுவில் காலியாக இருந்த அந்த இடத்தின் மேல் எனக்கும் ஒரு கண். புளி வியாபாரத்துக்காக அவர் மலையிறங்கும் நாட்களில், மத்தியானங்களில் அவருடைய ஐடியிலேயே ஆடிப் பழகியிருந்தேன். குழுவுக்கு நானும் வரட்டுமா என்று ஒருமுறை கேட்டதற்கு, "பொம்பளைங்க கண்ணுக்கு அறுபதும் ஒண்ணுதான், எரநூத்தி நாப்பதும் ஒண்ணுதான்" என்றார்.

மானிட்டர் வந்த அன்றே மெனுவில் இருந்த எல்லாவற்றையும் ஆன் செய்தார். அதில் மோஷன் பிளர் குறைப்பு என்று ஒன்று. படத்துக்குப் படம் நடுவே திரையின் பின்விளக்கை அணைத்து அணைத்துப் போடும். ஓடுகிற உருவம் இழுபடாமல் தெளிவாகத் தெரியும். அத்தனை வேகத்தில் படம் அனுப்ப எங்கள் பழைய கம்ப்யூட்டருக்குத் திராணியில்லை. அதனால் ஓர் எதிரி இரண்டாகத் தெரிந்தான். இவர் இரண்டு பேரையும் தவறவிட்டார். விளக்கு பாதி நேரம் அணைந்திருந்தால் திரை மங்கத்தானே செய்யும்? மங்கியது. லோ வோல்டேஜ் என்று சொல்லி உடனே எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார். பிறகு ஃபிரிட்ஜை நிறுத்தினார். அதற்கும் தெளியாததால் லைன்மேனுக்கு போன் போட்டார்.

லைன்மேன் பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்து, "கரண்டு கரெக்டாதான்பா கீது" என்றார். இவர் விடவில்லை. "கம்பத்துல ஏறிப் பாருணா" என்று அவரைத் தெருவுக்கு இழுத்துப் போனார். அந்த நேரத்தில் நான் பிளர் குறைப்பை அணைத்து, கம்ப்யூட்டர் திணறாமல் அனுப்பக்கூடிய நூற்று இருபதுக்கு வேகத்தையும் இறக்கினேன். திரை பளிச்சென்று ஆனது. ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "வந்துட்சி! ணா, வந்துட்சி!" என்று கத்தினார் என் கணவர். கம்பத்தில் அப்போதுதான் கால் வைத்திருந்த லைன்மேன், தான் என்ன செய்தோம் என்றே தெரியாமல் டீ குடித்துவிட்டுப் போனார்.

திரை தெளிந்தது, இவர் ஆட்டம் தெளியவில்லை. சில நாள் கழித்துக் கேப்டன் போன் செய்தார். ஸ்பீக்கர் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "அண்ணே, மத்தியானத்துல பிரிச்சி மேயறீங்க. சாயங்காலமானா இன்னா ஆவுது உங்களுக்கு?"

என் கணவர் என்னைப் பார்த்தார். மத்தியானம் ஆடுவது யார் என்று அப்போதே புரிந்துவிட்டது அவருக்கு. புரிந்தும் கொஞ்சம்கூடக் கூசாமல், "மத்தியானத்துல வோல்டேஜ் நல்லாருக்கும்பா" என்றார்.

போனைப் பிடுங்கி, "மத்தியானத்துல ஆடறது நானுங்க" என்றேன். உடனே கேப்டன், "அப்போ ஞாயித்துக்கெழம ஆட்டத்துக்கு நீங்களே வந்துடுங்கக்கா. அண்ணன் வண்டி ஓட்டிக்கினு வரட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவர்தான் பைக் ஓட்டினார். ஆலங்காயத்துக்குள் நுழைந்ததும் பைக்கை மெதுவாக்கிக்கொண்டு கேட்டார்:

"அந்த மானிட்டர இன்னா செட்டிங்ல வெச்சி ஆடின?"

"நீங்க வூட்ல இல்லாத செட்டிங்ல" என்றேன்.