செத்த கவிஞரைப் பார்க்க ஒரு நாள் அனுமதி

ஜெர்மனியில் எழுத்தாளர் வாழ்ந்த வீடுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளுக்குக் கவிஞர் வீட்டில் என்ன வேலை என்று சிரிக்க வேண்டாம். 1987 ஐப்பசியில் என்னை இழுத்துக்கொண்டு போனவர் செல்வி அக்கா. அகதி விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில். ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர்.

விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலப் பெண் கவிஞர் ஒருவர் நெஞ்சு நோய்க்காக ஜெர்மனிக்கு வந்து, எழுதிக்கொண்டே இங்கேயே செத்துப்போனாராம். அவருடைய ஒரு கவிதையின் கடைசி வரிகளை அச்சிடும்போது தமையன் வெட்டிவிட்டான் என்று அக்கா பல்கலைக்கழகத்தில் எழுதியிருக்கிறார். ஆதாரம் எங்கே என்று கேட்டுப் புள்ளியைக் குறைத்துவிட்டார்கள். கையெழுத்துப் படி அவர் கடைசியாக இருந்த வீட்டில் இருந்தது.

அப்போது மாவட்டம் தாண்ட எங்களுக்கு அனுமதித் தாள் வேண்டும். எனக்குக் கொஞ்சம் ஜெர்மன் பிடிபட்டிருந்ததால் அக்காவின் படிவத்தையும் நானே நிரப்பினேன். யாரைப் பார்க்க? கவிஞரின் பெயர். என்ன உறவு? பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவளையே அக்கா என்கிற ஆட்கள் நாங்கள். ‘ஸ்வெஸ்டர்’, சகோதரி என்று எழுதினேன். என் தாளில் அக்காவுக்குத் துணை என்று மட்டும் போட்டேன். முத்திரை விழுந்தது.

காலை 7.40 பஸ், பிறகு ரயில். 62 கிலோமீற்றர், ஆளுக்கு 11 மார்க் 40. நிலையத்திலிருந்து ஆற்றோரமாக இருபது நிமிட நடை. மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தத் தாள். கடைசி நான்கு வரிகளுக்குக் குறுக்கே வேறு மையில் கோடு.

“பாத்தியா, அவன்தான் வெட்டியிருக்கிறான். நான் எழுதினது சரி.”

அந்த வரிகளில் என்ன என்று கேட்டேன்.

“வீட்டுக்குத் திரும்பிப் போக விருப்பமில்லையாம்.”

“அவவுக்கு விருப்பமில்லை, எங்களுக்கு ஏலாது. நல்ல சோடிதான் அக்கா.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நாலு வரியையும் எழுதி எடுத்தார்.

இரண்டு மாதத்தில் அகதி விண்ணப்பம் பார்க்கும் கந்தோரிலிருந்து அக்காவுக்குக் கடிதம். இங்கே சொந்தம் எவருமில்லை என்று விசாரணையில் சொன்னீர்களே, இந்தச் சகோதரி யார்? நான் ஓடிப்போய், அவர் செத்து நூறு வருடம் என்று விளக்கினேன். அப்படியானால் படிவத்தில் எழுதியது பொய் என்றார் அதிகாரி. உயிரோடு இருந்தால் மறைத்த பொய், செத்திருந்தால் எழுதிய பொய். அக்காவின் அகதி விண்ணப்பம் தள்ளுபடி. வைகாசியில் விமானம் ஏற்றினார்கள். கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது, பிறகு இல்லை.

போன மாதம் திரும்பப் போனேன். நுழைவு நான்கு யூரோ, திங்கள் பூட்டு. அந்த நான்கு வரிகளையும் இப்போது பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். கீழே, வெட்டியதைக் கண்டுபிடித்தவர் என்று ஒரு பேராசிரியரின் பெயர். போகிறவர்கள் வருகைப் புத்தகத்தில், இதை முதலில் சொன்னவர் செல்வி என்று எழுதிவிட்டு வாருங்கள். அங்கே கட்டி வைத்திருக்கும் பேனையில் மை வராது. சொந்தப் பேனை கொண்டுபோங்கள்.