நாற்பத்தொன்றாம் நம்பர் பம்பு

என் கட்டிலுக்கடியில் கால் லிட்டர் மஞ்சள் பெயின்ட் டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். மூடி லேசில் வராது, ஸ்பூன் காம்பால் நெம்ப வேண்டும். "வூட்டுக்கே வெள்ளையடிக்கலை, உங்களுக்கு எதுக்குங்க பெயின்ட்டு?" என்று என் மனைவி கேட்காத பொங்கல் இல்லை. முதலில் என் பழைய அலுவலக மேடம் வாங்கிய டப்பா என்றைக்கோ காய்ந்துவிட்டது. ஆனால் அதே மஞ்சள்தான் வேண்டும் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு வாங்கி வருகிறேன்.

தருமபுரியில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் எங்கள் ஆய்வுப் பிரிவு இருந்தது. குடிநீர், ஊராட்சி, சுகாதாரம் ஆகிய மூன்று துறைகளும் தனித்தனியாகச் சேர்த்து வைத்திருந்த விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றாக்கி, பல்லில் கறை ஏற்றும் ஃபுளோரைடு கலந்த தண்ணீர் எந்த ஊரில் யாரைப் பாதிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மேடம் ஒருங்கிணைப்பு அலுவலர். நான் ஒப்பந்தத்தில் இருந்த டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். மேடம் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், ஒரு மாதம் தாங்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். துறைகளிடம் ஃபைல் வாங்குவது லேசா? 'அவங்க முதல்ல கொடுக்கட்டும்' என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். மேடம் டிபன் பாக்ஸோடு போய் அவர்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்வார், சாப்பிடுவார், டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் உட்காருவார். பார்க்கச் சகிக்காமலே கொடுத்துவிடுவார்கள்.

மூன்று பட்டியலையும் ஒரே தாளில் கொண்டுவந்த அன்று மேடம் என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, இந்த ஊர்ல கெட்ட பம்பைப் பூட்டி நாலு வருஷம் ஆச்சு. அப்புறம் எப்படிங்க சின்னப் பிள்ளைங்களுக்கெல்லாம் புதுசா பல்லுல கறை வருது?" எனக்கு எரிச்சல்தான் வந்தது. "நமக்கெதுக்கு மேடம், பொருந்தலைன்னு எழுதிட்டுப் போலாங்க" என்றேன். அதைச் சொன்ன வாயை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

மறுநாள் பஸ் ஏறினோம். மாரண்டஹள்ளியிலிருந்து உள்ளே போகும் ஊர் அது. பெயரை எழுதினால் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். பள்ளிக்கூடத்தில் ஓர் அடிபம்பு, பால் சொசைட்டி அருகே ஓர் அடிபம்பு. குடிநீர்த் துறைக்காரர்கள் தார்ச்சாலைப் பக்கமிருந்து எண்ணி, பள்ளிக்கூடத்துப் பம்பை ஏழாம் நம்பர் என்று எழுதியிருந்தார்கள். ஊராட்சியில் ஏரிப் பக்கமிருந்து எண்ணியதால், பால் சொசைட்டி பம்புதான் ஏழு. சோதனையில் ஃபுளோரைடு அதிகம் என்று வந்தது பள்ளிக்கூடத்துப் பம்பில். 'ஏழாம் நம்பரைப் பூட்டு' என்று தாள் போனதும், ஊராட்சி ஆள் தன்னுடைய ஏழுக்குச் சங்கிலி போட்டுவிட்டார். நல்ல தண்ணீரைப் பூட்டிவிட்டு, நாலு வருஷம் விஷத்தை அடித்துக் கொடுத்திருக்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் அக்காவும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மகளும் அங்கேதான் படித்தாள். சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்ளும் பெண். "நானே என் கையால அந்தத் தண்ணியில சோறு பொங்கிப் போட்டேனுங்களே" என்றார் அக்கா. எனக்குத் தலை நிமிரவில்லை.

இரண்டு பம்பின் தண்ணீரையும் மறுபடி சோதிக்க வைத்தார் மேடம். முடிவும் அதையேதான் சொன்னது. ஆனால் கூட்டத்தில் மூன்று துறையும் ஒரே பாட்டு: எங்கள் பட்டியல் சரி. சரிதான், தனித்தனியே பார்த்தால் மூன்றும் சரி. பட்டியல்கள் பொருந்தவில்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மேடம் பேனாவை மூடினார். நேராகப் பெயின்ட் கடைக்குப் போனார். எல்லோருக்கும் பொதுவான புது வரிசையில் பள்ளிக்கூடத்துப் பம்பில் 40, பால் சொசைட்டி பம்பில் 41 என்று கொட்டை எழுத்தில் எழுதினார். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன், பயத்தில் என் சட்டையெல்லாம் மஞ்சள்.

ஒரே வாரத்தில் மெமோ வந்தது: அரசுச் சொத்தில் அனுமதியின்றி எழுதியது ஏன்? மேடம் சொன்ன பதிலை நான்தான் டைப் அடித்தேன். 'எழுதியது நான்தான். அழிக்க விரும்பும் துறை, இந்தப் பம்பு தன்னுடையது என்று முதலில் எழுத்தில் தரட்டும்.' தன்னுடையது என்று சொன்னால் தவறான பூட்டும் தன்னுடையதாகிவிடுமே! யாரும் தரவில்லை. மேடம் ஒரு மாதம் பார்த்தார். "யாருதும் இல்லாத பம்புக்குப் பூட்டு எதுக்குண்ணா?" என்று வெல்டிங் பட்டறை ஆளைக் கூட்டிப்போய் 41இன் சங்கிலியை அறுத்தார். 40இன் கைப்பிடியைக் கழற்றி எங்கள் அலுவலகத்துக்கே கொண்டுவந்தோம்.

மேடத்தைத் தூரத்து மாவட்டத்துக்கு மாற்றினார்கள். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதியமான்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைக்கிறேன், ஒன்றும் குறைந்துபோகவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை போய் நம்பரைப் புதுப்பிக்கிறேன். போன மாதம் போனபோது, புதுத் திட்டம் ஒன்றின் ஆள் ஸ்டிக்கர் ஒட்ட வந்து, 41இன் மஞ்சளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சமையல்கார அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து கையில் கரண்டியோடு வந்துவிட்டார்.

"இது எந்தத் துறை நம்பருங்க?" என்றார் ஸ்டிக்கர் ஆள்.

"எந்தத் துறையும் இல்ல, எங்க நம்பரு. உங்களுதைப் பக்கத்துல ஒட்டிட்டுப் போங்க. இது மேல கையை வெச்சீங்கன்னா உங்க ஸ்டிக்கர் சாயங்காலத்துக்குள்ள இங்க இருக்காது" என்றார் அக்கா.

ஸ்டிக்கர் ஆள் என்னைப் பார்த்தார். நான் ஸ்பூன் காம்பால் மூடியை நெம்பிக்கொண்டிருந்தேன். அக்கம்பக்கத்துப் பொடிசுகள் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர்கூட வாயைப் பொத்தவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலையும் ஒன்றையும் போன வருஷத்தைவிடப் பெரிதாக எழுதினேன்.