பயிற்சிக்குச் சேர்த்த பெயர்கள்

யுத்த காலத்தில் கண்டி நகரில் ஒரு தனியார் கம்ப்யூட்டர் நிலையத்தில் டேட்டாபேஸ் பாடம் எடுத்தேன். முதல் வகுப்பிலேயே தோற்றேன். வரிகளைப் பொறுக்கும் செலக்ட், நிரல்களைப் பொறுக்கும் ப்ரொஜெக்ட், இரண்டு டேபிள்களை இணைக்கும் ஜொயின் என்று கரும்பலகையில் குறியீடுகளாக எழுதினேன். பிள்ளைகள் கொப்பியில் இறக்கிக்கொண்டார்கள், ஒருவருக்கும் விளங்கவில்லை. மறுவாரம் அந்த மூன்றையும் பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் அவர்களையே ப்ரோக்ராமாக எழுதச் சொன்னேன்.

பயிற்சிக்குத் தரவு வேண்டும். கற்பனைப் பெயர்கள் சலிக்கும் என்று நினைத்து, அவரவர் விவரத்தையே பதியவைத்தேன். ஒரு டேபிளில் நிலையத்தில் சேரும்போது கொடுத்த சேர்விலக்கம், பெயர், சொந்த ஊர். மற்றதில் சேர்விலக்கம், கண்டியில் தங்கியிருக்கும் விலாசம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கட்டுகஸ்தோட்டையில் அறை எடுத்திருந்த நிரஞ்சன்தான், சேர்விலக்கத்தைப் பொருத்திப் பெயரையும் விலாசத்தையும் ஒரே வரியில் தரும் ஜொயினை முதலில் ஓடவைத்தான்.

"மிஸ், முதல் டேபிளின்ர ஒவ்வொரு வரிக்கும் மற்ற டேபிளை முழுக்கப் பாக்க வேணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். இதத்தான் போன வாரம் மூணு மணித்தியாலம் பேசினேன்" என்றேன். வகுப்பே சிரித்தது.

அடுத்த மாதம் கொழும்பில் ஒரு குண்டு வெடித்தது. மறுநாள் காலை சிவில் உடையில் பொலிஸ்காரர் இருவர் வந்தார்கள். பக்கத்து மடவளை ஊர்க்காரரான எங்கள் மேனேஜர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "மிஸ், வடக்குப் புள்ளைகள்ட லிஸ்ட் ஒண்டு கேக்குறாங்க. இருக்கிற எடத்தோட வேணுமாம். குடுக்காட்டி எங்களயும் கூட்டிட்டுப் போவாங்க."

மெஷின் பழுது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். என் பெயரும் தமிழ்ப் பெயர்தான். பயந்தேன். நிரஞ்சன் எழுதிய ப்ரோக்ராமில் சொந்த ஊர் வடக்கில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் சேர்த்து ஓட்டினேன். ஏழு வரிகள் பிழையில்லாமல் அச்சாகின. சரியாக வேலை செய்கிறதே என்று அந்தக் கணம் ஒரு சின்னத் திருப்தி வந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஏழு பேரையும் அன்றே பிடித்துப் போனார்கள். ஆறு பேரை அந்த வாரமே விட்டுவிட்டார்கள். நிரஞ்சனை மட்டும் விடவில்லை; அவன் எட்டு மாதம் கழித்துத்தான் சான்றிதழ் வாங்க வந்தான். மிகவும் மெலிந்திருந்தான்.

"அந்த லிஸ்ட்ட நான்தான் எடுத்துக் குடுத்தேன், நிரஞ்சன்."

"தெரியும், மிஸ். விசாரிக்கேக்க அந்தக் கடதாசியை மேசையில வச்சிருந்தவங்கள். மேல நான் போட்ட தலைப்பு அப்பிடியே இருந்தது." கம்ப்யூட்டரைக் காட்டினான். "என்ர வரியை அழிச்சுவிடுங்கோ."

அவன் பார்க்கவே அழித்தேன். திரையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான். பிறகு வரவில்லை.

கற்பிக்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆட்களின் விவரத்தைப் பாடத்துக்காகச் சேர்த்தாலும், அது பாடத்தோடு நிற்காது. பிறகு நான் பஸ் நேர அட்டவணையை வைத்து ஜொயின் படிப்பித்தேன். பிள்ளைகளுக்கு நன்றாகவே விளங்கியது. அந்தப் பெயர்கள் எனக்கு ஒருநாளும் தேவைப்பட்டிருக்கவில்லை.