ஒரு வாய் தண்ணீர்

போலீஸ் இலாகாவில் அவரைச் சுத்தியல் என்றுதான் சொல்வார்கள். நேரில் சொல்ல ஒருவனுக்கும் துணிச்சல் கிடையாது. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சொன்னார்கள், அது அவருக்கும் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. முப்பத்திரண்டு வருடம் துப்பறியும் பிரிவில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர், மற்றவர்களைப் போலத் தோட்டம் போடுகிறேன், நாய் வளர்க்கிறேன் என்று கிளம்பவில்லை. தான் பிடித்த கொலைகாரர்களைப் பற்றிப் புத்தகம் எழுத உட்கார்ந்தார். ஆறு வருடத்தில் ஐந்து புத்தகம் வந்தாயிற்று. ஐந்தின் அட்டையிலும் ரத்தம்.

கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். ஆகவே அவர் சொல்லச் சொல்ல மனைவிதான் தட்டச்சு செய்வாள். தொலைபேசி அலுவலகத்தில் காலமெல்லாம் அதே வேலை பார்த்த விரல்கள். குடல் சரிந்தது, மண்டை பிளந்தது எல்லாவற்றையும் காய்கறி நறுக்குகிற முகத்தோடு அடித்துக்கொண்டே போவாள்.

ஆறாவது புத்தகம் டியூஷன் டீச்சர் வழக்கு. இரண்டாம் மாடியில் தனியாக இருந்த டீச்சரை யாரோ இஸ்திரிப் பெட்டியால் அடித்துக் கொன்றிருந்தார்கள். ஒரு அடி இரண்டு அடி இல்லை, பதினேழு. முகம் என்று சொல்ல மிச்சம் எதுவும் இல்லை. நான்கு பற்கள் சுவரோரம் கிடந்தன. பிள்ளைகளின் கணக்கு நோட்டுகள் ரத்தத்தில் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தன, பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பெட்டி, கீழ்த்தளத்தில் கடை வைத்திருந்த தையல்காரனுடையது. டீச்சர் காலையில் இரவல் வாங்கிப் போனார் என்று அவன் சொன்னான். சுத்தியல் நம்பவில்லை. மூன்றாம் நாள் வாக்குமூலம் தயார், அதையே அவன் மாஜிஸ்திரேட் முன்னாலும் ஒப்பித்தான். ஆயுள் தண்டனை. பத்தொன்பது வருடம் ஆகிறது, இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

வாக்குமூலம் எழுதுவதில் சுத்தியலுக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. அடித்தேன், ஓடினேன் என்று மட்டும் எழுதினால் நீதிபதி கொட்டாவி விடுவார். வழக்குக்குத் துளியும் சம்பந்தமில்லாத ஒரு சின்ன விஷயத்தை உள்ளே வைக்க வேண்டும். அதைப் படித்ததும், ‘சேச்சே, இதையெல்லாம் ஒருத்தன் கற்பனை பண்ணிச் சொல்ல முடியாது’ என்று தோன்றிவிடும். புத்தகம் எழுதும்போதும் அதே வித்தைதான் கை கொடுத்தது. வாசகர்கள் அந்தச் சின்ன விஷயத்தைப் பற்றித்தான் கடிதம் எழுதினார்கள்.

அன்று காலை பழைய கோப்பிலிருந்து தையல்காரனின் வாக்குமூலத்தை வாசித்துக்கொண்டே போனார். “பிறகு சமையலறைக் குழாயில் கையைக் கழுவினேன். ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.” தட்டச்சுச் சத்தம் நின்றது. மனைவி திரும்பிப் பார்த்தாள்.

“எல்லாக் கொலைகாரனும் கை கழுவிட்டு ஒரு வாய் தண்ணி குடிக்கிறானே, அது எப்படி?”

யார் அந்த எல்லாரும் என்று அவர் எரிந்து விழுந்தார். அவள் இருந்த இடத்திலிருந்தே எண்ணிச் சொன்னாள்: முதல் புத்தகத்தில் லாரி டிரைவர், மூன்றாவதில் மாமனாரை வெட்டியவன், நான்காவதில் அண்ணன் தம்பி இரண்டு பேரும். கொலை செய்தால் யாருக்கும் தொண்டை வறளும் என்று சுத்தியல் சப்பைக்கட்டு கட்டினார். அவள் திரையை மேலே நகர்த்தினாள்.

“இந்தப் புத்தகத்தோட முதல் அத்தியாயத்துல நீங்க சொன்னதுதான் இது. குழாய் உடைஞ்சு நாலு நாளா அந்தத் தெருவுக்கே தண்ணி இல்லைன்னு. பூட்ஸ்ல ஒட்டின ரத்தத்தைக்கூட பேப்பரால துடைச்சீங்களாம்.”

மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். தேநீர்க் கோப்பை உருண்டு விழுந்து உடைந்தது. அவள் பயப்படவில்லை, காலை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டாள். முதல் அத்தியாயம் அவருடைய சட்டைப்பை நாட்குறிப்பிலிருந்து எழுதியது, வாக்குமூலம் கோப்பிலிருந்து வந்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க இத்தனை வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. நாட்குறிப்பை மறுபடி எடுத்துப் பார்த்தார். அவருடைய கோழிக் கிளறல்தான். தெருவில் தண்ணீர் இல்லை என்றே எழுதியிருந்தது.

ஒரு வரி தப்பினால் என்ன, செய்தவன் அவன்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாரக் கடைசியில் சிறைக்குப் போனார். ஒவ்வொரு புத்தகத்தின் முடிவிலும் குற்றவாளியைப் பார்த்து நாலு வார்த்தை வாங்கிப் போடுவது அவர் வழக்கம். இந்த முறை மனைவியின் வாயை அடைக்கவும் அது தேவைப்பட்டது.

கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவன் வந்து உட்கார்ந்தான். உண்மையில் அவரைவிடப் பத்து வயது இளையவன். வலது கட்டைவிரல் வெளிப்பக்கமாக வளைந்து அப்படியே நின்றுவிட்டிருந்தது. அது எப்போது முறிந்தது என்று சுத்தியலுக்குத் தெரியும், விசாரணையின் இரண்டாம் நாள் மதியம். உள்ளே தையல் வேலை கொடுக்கிறார்களா என்று கேட்டு வைத்தார். ஊசி பிடிக்க வராது, கூட்டிப் பெருக்குகிறேன் என்றான் அவன்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லச் சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தான். பதினேழு அடி. சமையலறைக் குழாய். ஒரு வாய் தண்ணீர். விடுதலைக்காக மனுப் போடும்போதெல்லாம் திருந்திவிட்டானா என்று பார்க்க இதைத்தான் சொல்லச் சொல்வார்களாம், சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதாம்.

சுத்தியல் நாற்காலியைக் கம்பிக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லையே என்றார், மெதுவாக.

தையல்காரன் பதறிப்போனான். “அப்படியா சார்? அப்ப பக்கெட்டுல இருந்து எடுத்தேன்னு மாத்திச் சொல்லிடட்டுமா?”

அந்த நாளில் தான் டா போட்டே பேசிய அவனிடம் இப்போது எப்படிப் பேசுவது என்று சுத்தியலுக்குத் தெரியவில்லை. “நிஜத்தைச் சொல்லுங்க. செஞ்சீங்களா?”

அவன் வெகுநேரம் யோசித்தான். பொய் சொல்லக் கூடாதே என்று யோசிக்கிறவனின் யோசனை அது. “உங்க ரூமுக்கு வர்ற வரைக்கும் நான் செய்யலை சார். அது நல்லா ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம்தான் செஞ்சிருக்கேன்.”

வீட்டுக்கு வந்தார். நேரே முற்றத்துக் குழாய்க்குப் போனார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். உள்ளங்கையைக் குவித்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். நிமிர்ந்தபோது மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கல்யாணமான நாள்லேருந்து டியூட்டி முடிஞ்சு வந்ததும் இதைத்தான் பண்றீங்க,” என்றாள். “அன்னைக்கு டைப் அடிக்கும்போதே சொல்லணும்னு நினைச்சேன், வாய் வரலை.”

சுத்தியலின் கை குழாயின் மேல் அப்படியே நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னைக் கண்டே அவருக்குப் பயம் வந்தது. டீச்சரைக் கொன்றவன் யார் என்று தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. அவனைத் தேட வேண்டிய நாட்களில் அவர் இன்னொருவனின் விரலை முறித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போய் அவளைத் தட்டச்சு செய்ய உட்காரச் சொன்னார். எத்தனையாவது அத்தியாயம் என்று கேட்டாள். புத்தகத்துக்கு இல்லை, கோர்ட்டுக்கு என்றார். அவள் புதிய பக்கம் திறந்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

“விசாரணை அறையின் மூலையில் ஒரு குழாய் இருந்தது. ரப்பர் பெல்ட்டால் அவனுடைய உள்ளங்காலில் அடித்தேன். தோல் உரிந்து சதை தெரியும் வரை அடித்தேன். இரண்டாம் நாள் மேஜை டிராயருக்குள் கட்டைவிரலை வைத்துச் சாத்தினேன். ஒவ்வொரு முறையும் அடித்து முடித்துவிட்டுக் கையைக் கழுவினேன். ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்கும் கொஞ்சம் கொடுங்கள் சார் என்று கேட்டான். கொடுக்கவில்லை.”